ஒரே ஏப்ரல் 23, இரண்டு கிழமை

ஏப்ரல் 23 வந்தால் நாளிதழ்களின் 'வரலாற்றில் இன்று' பத்தியில் இடம் போதாது. இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் பிறந்த நாள் (1858). பின்னணிப் பாடகி எஸ். ஜானகி பிறந்த நாள் (1938). சத்யஜித் ராய் மறைந்த நாள் (1992). எல்லாவற்றுக்கும் மேலாக அது உலகப் புத்தக நாள். யுனெஸ்கோ 1995-இல் இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 'ஹாம்லெட்' எழுதிய ஷேக்ஸ்பியரும் 'டான் குயிக்சாட்' எழுதிய செர்வாண்டிசும் 1616-ஆம் ஆண்டு இதே ஏப்ரல் 23-இல் மறைந்தவர்கள் என்பது அந்தக் காரணம்.

கிழமையைக் கவனித்தால் சிக்கல் தெரியும். ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23, இங்கிலாந்தில் செவ்வாய்க்கிழமை. மாட்ரிட் நகரத் தேவாலயப் பதிவேட்டில் செர்வாண்டிசின் பெயரோடு இருக்கும் ஏப்ரல் 23, ஸ்பெயினில் சனிக்கிழமை. ஆண்டு ஒன்று, மாதம் ஒன்று, தேதியும் ஒன்று. கிழமை மட்டும் வேறு. ஊருக்கு ஊர் நேரம் மாறுவதால் வந்த வித்தியாசமோ என்றால் அதுவும் இல்லை. ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்போர்டும் மாட்ரிடும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. ஸ்ட்ராட்போர்டில் சூரியன் உச்சிக்கு வந்த எட்டு நிமிடத்தில் மாட்ரிடிலும் வந்துவிடும். அப்படியிருக்க ஒரே தேதிக்கு இரண்டு கிழமை எப்படி வந்தது?

அதற்குப் போகும் முன், இந்தத் தேதிகள் நமக்கு எப்படித் தெரியும் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. ஷேக்ஸ்பியர் பிறந்த நாளை எவரும் எழுதி வைக்கவில்லை. ஸ்ட்ராட்போர்டு தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26 அன்று அவருக்கு நடந்த ஞானஸ்நானம். அந்தக் காலத்தில் குழந்தை பிறந்த சில நாட்களுக்குள் ஞானஸ்நானம் செய்துவிடுவார்கள் என்பதால் பிறந்தது 23-ஆக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கொண்டார்கள். ஏப்ரல் 23 இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாளாகவும் இருந்தது அந்த ஊகத்துக்குப் பிடிப்பைக் கொடுத்தது. இறப்பு விஷயத்தில் சான்று இதைவிட உறுதி. பதிவேட்டில் அடக்கம் நடந்த தேதி ஏப்ரல் 25. அதே தேவாலயச் சுவரில் இருக்கும் அவருடைய நினைவுச் சின்னத்தில் இறந்த நாள் ஏப்ரல் 23 என்று வெட்டப்பட்டிருக்கிறது. செர்வாண்டிஸ் கதை வேறு. மாட்ரிட் பதிவேடுகளில் அடக்கம் செய்த நாளைக் குறிப்பதே வழக்கம். ஆகவே அவர் இறந்தது ஏப்ரல் 22, அடக்கம் 23 என்பதே ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட முடிவு.

நமக்கும் இது பழகிய விஷயம்தான். நம் தாத்தா பாட்டிகள் தலைமுறையில் எத்தனையோ பேருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதப் பிறந்தநாள் இருக்கும். பள்ளியில் சேர்க்க வந்த அன்று வயது ஐந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமை ஆசிரியர் கொடுத்த தேதி அது. அதே மனிதருக்கு வீட்டில் ஒரு ஜாதகக் குறிப்பு இருந்தால், அதில் தமிழ் ஆண்டின் பெயர், மாதம், கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் இருக்கும். அரசாங்கம் நம்புவது சான்றிதழை. உண்மையான நாளைக் கண்டுபிடிக்க உதவுவது ஜாதகக் குறிப்பு. எப்படி உதவுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது புதிருக்கு வருவோம். நாள் என்பது பூமி தன்னைத் தானே சுற்றுவதால் வருவது. ஆண்டு என்பது பூமி சூரியனைச் சுற்றுவதால் வருவது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சுழற்சிகள். ஆகவே ஓர் ஆண்டுக்குள் முழு எண்ணிக்கையில் நாட்கள் அடங்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. ஒரு வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் கணத்திலிருந்து அடுத்த வசந்தத்தின் அதே கணம் வரை சராசரியாக 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 வினாடி ஆகிறது. மழையும் வெயிலும் திரும்பி வருவது இந்தக் கணக்கில்தான் என்பதால் இதைப் பருவ ஆண்டு என்போம். பதின்மக் கணக்கில் 365.2422 நாள்.

இந்தச் சொச்சத்தை என்ன செய்வது? தினமும் பால் வாங்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பால் விலை முழு ரூபாயாக இல்லாமல் கூடவே கால் ரூபாய் சில்லறையும் வருகிறது. சில்லறைக்கு அலையாமல், மூன்று நாள் ரூபாயை மட்டும் கொடுத்துவிட்டு நாலாவது நாள் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறோம். கணக்கு நேர். ஆனால் சில்லறை உண்மையில் 25 பைசா இல்லை, 24.22 பைசா என்றால்? ஒவ்வொரு நாளும் முக்கால் பைசாவுக்குச் சற்று மேல் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாது. 128 நாள் ஆனால் ஒரு முழு ரூபாய் அதிகம் போயிருக்கும். இதில் நாளுக்குப் பதில் ஆண்டையும், ரூபாய்க்குப் பதில் நாளையும் வைத்தால் ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி கிடைத்துவிடும். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸ் என்ற வானியலாளரின் யோசனைப்படி, கி.மு. 45 முதல் ரோமில் நான்கு ஆண்டுக்கு ஒரு நெட்டாண்டு, அதாவது 366 நாள் கொண்ட லீப் வருஷம், நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்குப் பதினொரு நிமிடச் சொச்சம் கூடுதல். 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகு.

இந்தப் பிசகு கிறிஸ்தவத் திருச்சபைக்குத் தலைவலியானது. ஈஸ்டர் திருநாளை வசந்த சம இரவு நாளை வைத்துத்தான் குறிக்க வேண்டும். கி.பி. 325-இல் நைசியாவில் சபைத் தலைவர்கள் கூடிய காலத்தில் சம இரவு மார்ச் 21-ஐ ஒட்டி வந்தது. அதற்குப் பிறகு 1,257 ஆண்டு ஓடி 1582 வந்தபோது, அது பத்து நாள் முன்னே நகர்ந்து மார்ச் 11-க்கு வந்துவிட்டது. ஏடுகளில் மார்ச் 21, வானத்தில் மார்ச் 11.

வானத்தில் மார்ச் 11 என்று எப்படிக் கண்டார்கள்? தொலைநோக்கி இல்லாத காலம் அது. வத்திக்கானில் காற்றுக் கோபுரம் என்று ஒன்று இருக்கிறது. 1570-களின் கடைசியில் கட்டியது. அங்குள்ள ஓர் அறையின் தெற்குச் சுவரில் ஒரு சிறு துளை. நண்பகலில் அதன் வழியே நுழையும் வெயில் தரையில் ஒரு வட்டமாக விழும். தரையில் தெற்கு வடக்காகப் பளிங்குக் கோடு பதித்திருக்கிறார்கள். இக்னாசியோ டான்டி என்ற துறவி அமைத்தது. கோடையில் சூரியன் உச்சியில் ஏறி நிற்பதால் ஒளிவட்டம் சுவருக்கு அருகே விழும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்துவிடுவதால் அறையின் மறுகோடிக்கு நீளும். நாளுக்கு நாள் வட்டம் கோட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். சம இரவு நாளில் அது எங்கே விழ வேண்டும் என்பதை ஊரின் அட்சரேகையை வைத்துக் கணக்கிட்டுக் குறித்துவிடலாம். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். வட்டம் அந்தக் குறியைத் தொட்டது மார்ச் 21-இல் அல்ல, மார்ச் 11-இல். ஒரு துளை, ஒரு கோடு, பொறுமை. இவ்வளவையும் கொண்டு ஆண்டின் பிசகைத் தரையிலேயே காட்ட முடிந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

திருத்தத்துக்கு வழி சொன்னவர் தென் இத்தாலியைச் சேர்ந்த அலோய்சியஸ் லிலியஸ் என்ற மருத்துவர். அது நடைமுறைக்கு வருமுன், 1576-இல், இறந்துவிட்டார். அவர் கையெழுத்துப் பிரதியை அவருடைய சகோதரர் கொண்டுவந்து கொடுத்தார். அதை விளக்கி, எதிர்த்தவர்களுக்குப் பதில் சொல்லி, நூல்கள் எழுதியவர் கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற ஏசு சபைக் கணித அறிஞர். விதி எளிது: நூற்றாண்டு முடியும் வருஷங்களில் 400-ஆல் வகுபடுபவை மட்டும் நெட்டாண்டு. ஆகவே 1600-உம் 2000-உம் நெட்டாண்டுகள். 1700, 1800, 1900 அல்ல. நானூறு ஆண்டில் மூன்று நாள் குறைகிறது. மிஞ்சும் பிழை ஒரு நாளாகச் சேர மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பத்து நாளை போப் பதின்மூன்றாம் கிரிகோரி ஒரே வெட்டில் நீக்கினார். 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. ஸ்பெயினின் புகழ்பெற்ற துறவி அவிலா தெரசா இறந்தது சரியாக அந்த இரவில். 4-ஆம் தேதி இரவு இறந்தவருக்கு மறுநாள் நடந்த அடக்கத்தின் தேதி 15. கத்தோலிக்கர்கள் அவருடைய திருநாளை இன்றும் அக்டோபர் 15 அன்று கொண்டாடுகிறார்கள்.

இந்த வெட்டில் தொடாமல் விட்டது ஒன்று உண்டு: கிழமை. அக்டோபர் 4 வியாழன். மறுநாளான அக்டோபர் 15 வெள்ளி. தேதியில் பத்து எண்கள் காணாமல் போயின, வாரம் அறுபடவில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி உடனே மாறின. போப்பின் அதிகாரத்தை மறுத்துவிட்டிருந்த இங்கிலாந்து மாறவில்லை. ஆகவே 1616-இல் மாட்ரிடில் ஏப்ரல் 23 ஆனபோது ஸ்ட்ராட்போர்டில் ஏப்ரல் 13 தான். இரண்டு ஊரிலும் அன்று சனிக்கிழமை. பத்து நாள் கழித்து, மாட்ரிட் மக்கள் மே 3 என்று சொன்ன செவ்வாய்க்கிழமையில், ஷேக்ஸ்பியர் இறந்தார். செவ்வாயிலிருந்து விரல்விட்டுப் பத்து நாள் பின்னே எண்ணினால் சனி வரும். செர்வாண்டிஸ் அடக்கமாகிப் பத்து நாள், இறந்து பதினொரு நாள் கழித்து நடந்தது ஷேக்ஸ்பியரின் மரணம்.

தேதிகளைச் சரிபார்க்கும் வேலையில் கிழமையை விட நம்பகமான சாட்சி கிடையாது என்று நான் நினைக்கிறேன். மன்னர்களும் போப்புகளும் மாதத்தையும் ஆண்டையும் மாற்றியிருக்கிறார்கள். ஏழு நாள் சுற்று தன்பாட்டில் வந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் கிழமையைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு மத்தியப் பிரதேசத்தின் ஏரண் என்ற ஊரில் இருக்கிறது. குப்த மன்னர் புதகுப்தர் காலத்தது. குப்த ஆண்டு 165, ஆஷாட மாத வளர்பிறைத் துவாதசி, வியாழக்கிழமை என்கிறது. பிளீட் என்ற கல்வெட்டறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கணக்கிட்டு, கி.பி. 484 ஜூன் 21 என்று கண்டார். அந்தத் தேதியிலிருந்து இன்று வரை வாரம் வாரமாக எண்ணி வந்தால், அன்று சரியாக வியாழக்கிழமைதான். குப்தர்களின் ஆண்டுக் கணக்கு எப்போது தொடங்கியது என்ற நீண்ட விவாதத்தில் இது ஒரு முக்கியச் சான்றானது. ஏரணில் ஒரு கல்தச்சர் வெட்டிய வியாழக்கிழமையும், ரோமில் 1582-இல் வந்த வியாழக்கிழமையும், இந்த வாரத்து வியாழக்கிழமையும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

கிழமை பிசகிய சந்தர்ப்பமும் இருக்கிறது. மகெல்லனின் கப்பல் கூட்டத்தில் மிஞ்சிய ஒரு கப்பல் உலகைச் சுற்றிவிட்டு 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவில் ஒதுங்கியது. கப்பலில் நாள் தவறாமல் குறிப்பெழுதி வந்த பிகாபெட்டாவின் கணக்கில் அன்று புதன். கரையில் இருந்தவர்கள் வியாழன் என்றார்கள். அவர் எந்த நாளையும் விட்டுவிடவில்லை. மேற்கு நோக்கியே போய் உலகைச் சுற்றியதால் சூரியன் உதிப்பதை ஒரு முறை குறைவாகப் பார்த்திருந்தார்கள். இன்று சர்வதேசத் தேதிக்கோடு செய்யும் வேலை இதைச் சரிசெய்வதுதான்.

இரண்டு நாட்காட்டிகள் அருகருகே ஓடியதை நம் கடற்கரையும் பார்த்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம். அவர்களுடையது போப் திருத்திய புதிய முறை. சென்னைக் கோட்டை ஆங்கிலேயர்களிடம். அவர்களுடையது சீசரின் பழைய முறை. 1700-ஐ ஆங்கிலேயர் நெட்டாண்டாகக் கொண்டதால் வித்தியாசம் அதற்குள் பதினொரு நாளாக வளர்ந்திருந்தது. லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது ஆங்கிலேயர் பதிவுகளில் 1746 செப்டம்பர் 10. பிரெஞ்சுப் பதிவுகளில் செப்டம்பர் 21. இரண்டு ஊரிலும் அன்று புதன்கிழமை. பாண்டிச்சேரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டு, மாதம், கிழமை எல்லாவற்றையும் சேர்த்து எழுதும் பழக்கம் உள்ளவர். வணிகம் செய்பவருக்கு அது தேவையாக இருந்திருக்கும். வரலாறு எழுதுபவர்களுக்கு அது பெரிய கொடை. சென்னை தினமாக நாம் கொண்டாடும் 1639 ஆகஸ்ட் 22-உம் ஆங்கிலேயரின் பழைய முறைத் தேதிதான். இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் செப்டம்பர் 1.

இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752-இல்தான் மாறின. செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழன். இன்னொரு குழப்பத்தையும் அப்போது தீர்த்தார்கள். அதுவரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரியும் பிப்ரவரியும் முந்தைய ஆண்டோடு சேர்ந்தவை. இந்த இரட்டைக் குழப்பத்தில் பிறந்தது, பாடப்புத்தகங்களில்கூட வந்துவிட்ட ஒரு செய்தி: கலீலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பது. கலீலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் புதிய முறையில். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய முறையில். இருவரையும் புதிய முறைக்குக் கொண்டுவந்தால் நியூட்டனின் பிறப்பு 1643 ஜனவரி 4. இருவரையும் பழைய முறைக்குக் கொண்டுபோனால் கலீலியோவின் இறப்பு 1641 டிசம்பர் 29. எந்த முறையில் பார்த்தாலும் ஆண்டு வேறு. ஒருவருக்கு ஒரு முறை, மற்றவருக்கு இன்னொரு முறை என்று கலந்தால் மட்டுமே இருவரும் 1642-க்குள் வருவார்கள்.

ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நாள் நவம்பர் 7-இல் வருவதும் இதனால்தான். 1917-இல் அங்கே அக்டோபர் 25. மேற்கு ஐரோப்பாவில் நவம்பர் 7. புரட்சி அரசே அடுத்த ஆண்டு ஜனவரி 31-க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 ஆக்கியது. ரஷ்யத் திருச்சபை மட்டும் பழைய முறையிலேயே இருக்கிறது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் நமக்கு ஜனவரி 7. 2100-ஆம் ஆண்டு நமக்கு நெட்டாண்டு அல்ல, அவர்களுக்கு நெட்டாண்டு. அந்த முறை மாறாவிட்டால் 2101 முதல் அது ஜனவரி 8 ஆகும்.

இத்தனை முறைகளுக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் வேண்டாமா? வானியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். மாதமும் வேண்டாம், ஆண்டும் வேண்டாம். ஒரு தொடக்க நாளிலிருந்து நாட்களை மட்டும் வரிசையாக எண்ணிக்கொண்டே போவது. ஜோசப் ஸ்காலிஜர் என்ற அறிஞர் 1583-இல் வகுத்த ஒரு நீண்ட கால வட்டத்தின் தொடக்கத்தை, அதாவது பழைய முறையில் கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலை, பூஜ்ஜியமாகக் கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ஹெர்ஷல் இதை வானியலுக்குப் பரிந்துரைத்தார். ஜூலியன் நாள் எண் என்று பெயர். சுருக்கமாக நாள் எண் என்போம். நள்ளிரவில் அல்லாமல் நண்பகலில் எண் மாறும். இரவு முழுக்க விண்மீன் பார்ப்பவர் நடுவில் தேதி மாற்ற வேண்டியதில்லை.

செர்வாண்டிஸ் அடக்கமான நாளின் எண் 2311405. ஷேக்ஸ்பியர் இறந்த நாளின் எண் 2311415. கழித்தால் பத்து. எந்த மன்னர் எந்த ஆணை போட்டார் என்று நினைவு வைக்க வேண்டியதில்லை. கிழமையும் இதற்குள்ளேயே இருக்கிறது. நாள் எண்ணை ஏழால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 என்றால் திங்கள், 1 என்றால் செவ்வாய், இப்படியே 6 என்றால் ஞாயிறு. முதல் எண்ணுக்கு மீதி 5, சனி. இரண்டாவதற்கு மீதி 1, செவ்வாய்.

இவ்வளவு பழைய காலத்துக்கு எண்ணிக்கொண்டு போகும்போது நடுவில் ஒரு நாள் தவறியிருக்காதா என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்குச் சாட்சி சொல்வது கிரகணம். சூரிய கிரகணம் அமாவாசையன்று மட்டுமே வரும். குறிப்பிட்ட ஊரில் முழுக் கிரகணம் பல நூறு ஆண்டுக்கு ஒரு முறைதான். பாபிலோனின் களிமண் பலகைகளில் கி.மு. 136 ஏப்ரல் 15-க்கு நேரான நாளில், பகல் இருண்டு கோள்கள் கண்ணுக்குத் தெரிந்த முழுக் கிரகணம் பதிவாகியிருக்கிறது. நிலவின் இயக்கத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் கிரகணம் அதே நாளில் கிடைக்கிறது. நாள் பொருந்துகிறது, இடம்தான் பொருந்தவில்லை. பூமி அன்றும் இன்றைய வேகத்திலேயே சுற்றியதாகக் கொண்டால், நிலவின் நிழல் பாபிலோனுக்கு வெகு மேற்கே, மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் விழுந்திருக்க வேண்டும். நிழல் பாபிலோனில் விழுந்தது என்பது நேரில் கண்டவர்களின் பதிவு. ஆகவே பூமியின் சுழற்சி அன்றைக்கு மிகச் சிறிதளவு வேகமாக இருந்திருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டில் சேர்ந்த வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். கடல் ஓதங்களின் இழுப்பால் பூமியின் சுழற்சி குறைந்து வருகிறது என்பதை இப்படி ஒரு தேதிக் குறிப்பு அளந்து காட்டியது. நிகழ்ச்சியை அன்றே எழுதி வைப்பதால் என்ன பயன் என்று எண்ணுபவர்களுக்கு இதைச் சொல்வேன்.

வானத்தின் நிலையை வைத்து நாளைக் கண்டுபிடிக்கும் இந்த முறை தமிழ்க் கல்வெட்டுகளுக்கு இன்னும் நெருக்கமானது. ஜாதகக் குறிப்பு உதவுவதும் இப்படித்தான். சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் தொடர் ஆண்டு இருப்பது குறைவு. மன்னரின் ஆட்சியாண்டைச் சொல்லிவிட்டு, கன்னி நாயிற்று அபரபக்கத்துச் சதுர்த்தியும் திங்கட்கிழமையும் பெற்ற பரணி நாள் என்ற மாதிரியில் போகும். கன்னி நாயிறு என்றால் புரட்டாசி. அபரபக்கம் தேய்பிறை. நிலவு இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஏறக்குறைய 27 நாளில் சுற்றிவிடுவதால் புரட்டாசியில் பரணி வருவது பெரும்பாலும் ஒரு நாள். அந்த நாள் திங்களாக அமைவது சராசரியாக ஏழு ஆண்டுக்கு ஒரு முறை. திதியும் சேர்ந்து பொருந்துவது அதைவிட அரிது. ஒரு கல்வெட்டுக்குப் பல ஆண்டுகள் பொருந்தலாம். ஒரே மன்னரின் நான்கைந்து கல்வெட்டுகளை அடுக்கினால், எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் பட்டமேற்ற காலம் ஒன்றே ஒன்று மிஞ்சும். முதலாம் ராஜராஜன் கி.பி. 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நாளில் ஆட்சிக்கு வந்தான் என்று ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் கணித்தது இந்த வழியில்தான்.

இந்தக் கணக்குகள் கையால் போட மணிக்கணக்கில் ஆகும். அதைச் சுருக்கியவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னை மாகாணத்தில் அரசுப் பணியில் இருந்து, பின்னர் சட்டமன்றத் தலைவராகவும் இருந்தவர். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றைக் கணித்து 'இந்தியன் எஃபிமெரிஸ்' என்ற தொகுதிகளாக 1922-இல் வெளியிட்டார். கணினி இல்லாத நாளில் ஆயிரத்து நூறு ஆண்டின் பஞ்சாங்கம். நம் வரலாற்று நூல்களில் சோழர், பாண்டியர் தேதிகள் இன்று உறுதியாக நிற்பதில் அவர் உழைப்பு நிறைய இருக்கிறது. அதற்கு ஈடாக அவர் பெயர் வெளியே தெரியவில்லை என்பது என் வருத்தம். கல்வெட்டில் ஓர் அம்சம் பொருந்தாதபோது எதை நம்புவது என்ற கேள்வி அடிக்கடி வரும். திதியைக் கணித்துத்தான் அறிய வேண்டும். கிழமையை ஊரில் எல்லோரும் அறிவார்கள். ஆகவே கிழமையில் தவறு நேர்வதற்கு வாய்ப்பு குறைவு என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது.

ராஜராஜன் பிறந்த தேதி நம்மிடம் இல்லை. பிறந்த நட்சத்திரம் சதயம் என்று தெரியும். தஞ்சாவூரில் ஐப்பசிச் சதயத்தன்று விழா நடக்கிறது. ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். நட்சத்திரத்தை வைத்துக் கொண்டாடும்போது நாம் கேட்பது, நிலவு அதே விண்மீன் கூட்டத்துக்கு வந்துவிட்டதா என்பதை. ஆங்கிலத் தேதியில் கேட்பது, பூமி பருவச் சுற்றில் அதே இடத்துக்கு வந்துவிட்டதா என்பதை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டுமே சரியான கேள்விகள்.

தமிழ் மாதங்களிலும் இதே வேறுபாடு இருக்கிறது. தை முதல் நாள் என்பது சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள். ராசி விண்மீன்களைச் சார்ந்தது. சூரியன் அதே விண்மீனுக்குத் திரும்பி வர 365 நாள், 6 மணி, 9 நிமிடம் ஆகிறது. பருவ ஆண்டை விட இருபது நிமிடம் கூடுதல். பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒரு முறை மெதுவாக ஒரு வட்டம் போடுவதால் வரும் வேறுபாடு இது. அயனசலனம் என்பது அதற்குப் பழைய பெயர். இந்த இருபது நிமிடம் எழுபது ஆண்டுச் சொச்சத்தில் ஒரு நாளாகிவிடும். சூரியன் வடக்கே திரும்பும் உண்மையான நாள் இப்போது டிசம்பர் 21 அல்லது 22. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. இடையிலுள்ள இருபத்து நான்கு நாளை எழுபதால் பெருக்கினால், இரண்டும் ஒன்றாக இருந்தது ஏறக்குறைய 1,700 ஆண்டுக்கு முன் என்று வரும். 1952-இல் மேக்நாத் சாகா தலைமையில் இந்திய அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, பருவத்தை விட்டு விலகாத தேசிய நாட்காட்டியை வகுத்துக் கொடுத்தது. 1957 மார்ச் 22 முதல் அது அரசு நாட்காட்டி. கோயில்களும் குடும்பங்களும் விண்மீன் கணக்கிலேயே இருக்கின்றன.

இந்த நகர்வை ஒரு பிறந்தநாளிலேயே பார்த்துவிடலாம். விவேகானந்தர் கல்கத்தாவில் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி, நமக்குத் தைப் பொங்கல். இன்று அதே சங்கராந்தி இரண்டு மூன்று நாள் தள்ளி வருகிறது. ஜனவரி 12-ஐ இந்திய அரசு தேசிய இளைஞர் தினமாகக் கொண்டாடுகிறது. ராமகிருஷ்ண மடம் அவருடைய ஜயந்தியைப் பௌஷ மாதத் தேய்பிறைச் சப்தமித் திதியில் கொண்டாடுகிறது. அது ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் விழும். சங்கராந்தியையும் கணக்கில் சேர்த்தால் ஒரே பிறப்புக்கு மூன்று நாள். அவர் பிறந்த நாளின் எண் 2401518. ஏழால் வகுத்தால் மீதி இல்லை. அவருடைய வாழ்க்கை வரலாறுகளும் அன்று திங்கட்கிழமை என்றே சொல்கின்றன.